பிறந்த முதல் நிமிடத்துக்கு மார்க் போட்ட டாக்டர்... வர்ஜீனியா அப்கார்!

லேபர் வார்டு வாசலில் எப்போதாவது காத்திருந்திருக்கிறீர்களா? கதவு திறந்து நர்ஸ் தலையை நீட்டியதும், கூட்டத்தில் பாதிப் பேர் ஆணா பொண்ணா என்று கேட்பார்கள். நாலு பிரசவம் பார்த்த பாட்டி ஒருத்தர் மட்டும் வேறு கேள்வி கேட்பார். குழந்தை பிறந்ததும் அழுதுச்சா?

பாட்டி கேட்டதுதான் டாக்டர்களும் கேட்கிற கேள்வி. வயிற்றுக்குள் இருக்கும் வரை குழந்தையின் நுரையீரல் முழுக்கத் திரவம்தான். தேவையான ஆக்ஸிஜன் தொப்புள்கொடி வழியாக அம்மாவிடமிருந்து வந்துவிடும். வெளியே வந்த சில நொடிகளில் அந்தத் திரவம் விலகி, காற்று உள்ளே போய், ரத்த ஓட்டத்தின் பாதையே மாற வேண்டும். வாழ்நாளில் நம் உடம்பு சந்திக்கிற மிகப்பெரிய மாற்றம் இதுதான். அந்த முதல் அழுகை, நுரையீரல் வேலையை ஆரம்பித்துவிட்டது என்பதற்கான தகவல்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு இது தானாகவே நடந்துவிடும. சுமார் 10-ல் ஒரு குழந்தைக்குக் கொஞ்சம் உதவி தேவைப்படும். அந்த ஒரு குழந்தையை எப்படிக் கண்டுபிடிப்பது? அதுவும் ஒரே நிமிடத்தில், கையில் எந்த மெஷினும் இல்லாமல்?

இந்தக் கேள்விக்கு விடை தந்தவர் டாக்டர் வர்ஜீனியா அப்கார். பெயரை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? வீட்டு பீரோவில் உங்கள் பிறப்பு சம்பந்தமான பழைய ஆஸ்பத்திரி ஃபைல் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அப்கார் 8/10, 9/10 என்று ஒரு வரி இருக்க வாய்ப்பு உண்டு. நாம் வாழ்க்கையில் வாங்கிய முதல் மார்க் அதுதான். அந்த மார்க்கைக் கண்டுபிடித்தவர் ஆசைப்பட்ட வேலை கிடைக்காமல், வேறு வழியில்லாமல் இந்தப் பக்கம் வந்தவர் என்பதுதான் கதையின் சுவாரஸ்யம்.

வயலின் ஒரு கையில், பரிசோதனை மறு கையில்!

1909 ஜூன் 7. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வெஸ்ட்ஃபீல்டு என்ற ஊரில் பிறந்தார் வர்ஜீனியா. மூன்று பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா சார்லஸ் அப்காருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. ஆனால், மனசு முழுக்க விஞ்ஞானம். வீட்டிலேயே வானொலிக் கருவிகளை வைத்து ஏதாவது செய்துகொண்டே இருப்பார். டெலஸ்கோப்பில் வானத்தைப் பார்ப்பார்.

இது சும்மா பொழுதுபோக்கு மட்டுமில்லை. முதல் உலகப் போர் சமயத்தில், 1915-ல், நியூயார்க் அருகே சேவில் என்ற இடத்திலிருந்த ஜெர்மன் கம்பெனியின் வயர்லெஸ் நிலையம் அனுப்பிய சிக்னல்களை வீட்டிலிருந்தபடியே பதிவுசெய்து அரசாங்கத்திடம் கொடுத்தார். அதில் ரகசியச் செய்திகள் ஒளிந்திருப்பது அம்பலமாகி, நிலையத்தையே அரசு கையகப்படுத்தியது. கவனமாகக் கேட்டால், கவனமாகக் குறித்துவைத்தால் பெரிய விஷயங்கள் வெளியே வரும் என்பதை அந்த வீட்டுச் சிறுமி நேரிலேயே பார்த்து வளர்ந்தாள்.

அதே வீட்டில் நோயும் இருந்தது. ஓர் அண்ணன் காசநோயில் சின்ன வயதிலேயே இறந்துபோனார். இன்னோர் அண்ணனுக்குத் தீராத உடல்நலப் பிரச்னை. டாக்டராக வேண்டும் என்ற எண்ணம் வர்ஜீனியாவுக்குப் பள்ளி நாள்களிலேயே வந்துவிட்டது. இன்னொரு பக்கம் வயலின். வீட்டில் எல்லோரும் சேர்ந்து வாசிப்பார்கள். இசையும் மருத்துவமும் கடைசி வரை அவரை விடவில்லை.

1925-ல் மவுன்ட் ஹோலியோக் பெண்கள் கல்லூரியில் சேர்ந்தார். பாடம் விலங்கியல். கையில் காசு கிடையாது. அதனால் கிடைத்த வேலையெல்லாம் செய்தார். அதில் ஒன்று, கல்லூரி ஆய்வகத்துக்காகத் தெருப் பூனைகளைப் பிடித்துக் கொடுப்பது! நடுவே ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்தார், கல்லூரிப் பத்திரிகைக்குச் செய்தி எழுதினார், ஏகப்பட்ட விளையாட்டு டீம்களில் ஆடினார். இத்தனைக்கும் நடுவில் எப்போது படித்தார் என்று தெரியாது. ஆனால், 1929-ல் நல்லபடியாகப் பட்டம் வாங்கி வெளியே வந்தார்.

ஆசைப்பட்டது கத்தி... கிடைத்தது மயக்க மருந்து!

1929 செப்டம்பரில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் அடியெடுத்துவைத்தார். 90 பேர் கொண்ட வகுப்பில் பெண்கள் 9 பேர். சேர்ந்த அடுத்த மாதமே வால் ஸ்ட்ரீட் பங்குச் சந்தை சரிந்தது. நாடு முழுக்க வேலையில்லாத் திண்டாட்டம். கடன் வாங்கித்தான் படித்தார். 1933-ல் வகுப்பில் நான்காவது இடத்தில் தேறி டாக்டரானபோது, அவர் தலையில் கிட்டத்தட்ட 4,000 டாலர் கடன். அந்தக் காலத்தில் அது மிகப்பெரிய தொகை.

அவருடைய கனவு ஒன்றே ஒன்றுதான். சர்ஜன் ஆக வேண்டும். அறுவை சிகிச்சைத் துறையில் பயிற்சி கிடைத்தது. நன்றாகவும் செய்தார். ஆனால், துறைத் தலைவர் ஆலன் விப்பிள் அவரைக் கூப்பிட்டு வேறு ஒரு யோசனை சொன்னார். சர்ஜரி வேண்டாம், மயக்க மருந்துப் பக்கம் போ என்பதுதான் அது.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? விப்பிள் அவருடைய திறமையைச் சந்தேகப்படவில்லை. தான் பயிற்சி கொடுத்த வேறு சில பெண் சர்ஜன்கள், நோயாளிகள் வராமல் தடுமாறியதை அவர் பார்த்திருந்தார். பொருளாதாரம் படுத்துக் கிடந்த நேரம். ஆண் சர்ஜன்களே திண்டாடிக்கொண்டிருந்தார்கள். பெண் நோயாளிகள்கூட ஒரு பெண் சர்ஜனிடம் வர மாட்டார்கள் என்பது வர்ஜீனியாவுக்கும் தெரிந்தே இருந்தது. கடனை அடைக்க வேண்டும். இன்னொரு காரணமும் இருந்தது. மயக்க மருந்துத் துறை வளராமல் சர்ஜரி வளராது, அதற்குப் புத்திசாலியான டாக்டர்கள் வேண்டும் என்று விப்பிள் உண்மையாகவே நம்பினார்.

நல்லெண்ணம்தான். ஆனாலும், நன்றாகப் படித்த ஒருத்தருக்குப் பெண் என்பதால் ஒரு கதவு மூடப்பட்டது என்பதும் உண்மைதான். வர்ஜீனியா அழுது புலம்பவில்லை. அந்தப் பக்கம் என்னதான் இருக்கிறது பார்க்கலாம் என்று கிளம்பிவிட்டார்.

அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை! அமெரிக்காவில் அப்போது மயக்க மருந்து கொடுப்பது பெரும்பாலும் நர்ஸ்கள் செய்கிற வேலை. டாக்டர்களுக்கென முறையான பயிற்சி ஒருசில இடங்களில்தான் இருந்தது. எனவே, முதலில் தன் ஆஸ்பத்திரி நர்ஸ்களிடமே தொழில் கற்றுக்கொண்டார். டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு நர்ஸ்களிடம் போய் மாணவியாக உட்கார அவருக்குக் கூச்சமே இல்லை. பிறகு 1937-ல் விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில், இந்தத் துறையின் முன்னோடியான ரால்ஃப் வாட்டர்ஸிடம் ஆறு மாதம். அடுத்து நியூயார்க் பெல்வியூ ஆஸ்பத்திரியில் எமரி ரோவன்ஸ்டைனிடம் ஆறு மாதம். பெண் டாக்டருக்கெனத் தங்கும் இடம்கூட ஒழுங்காகக் கிடையாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இடம் மாறி இடம் மாறித்தான் படித்தார்.

மயக்க மருந்து நிபுணரின் வேலை ஊசி போட்டுத் தூங்கவைப்பதோடு முடிவதில்லை. தூங்குகிற நோயாளியின் மூச்சுக்கு அவர்தான் காவல். மார்பு ஏறி இறங்குகிறதா, உதடு நீலமாகிறதா, நாடி எப்படி ஓடுகிறது, தொண்டையில் அடைப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு நொடியும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கிறோமே, அந்தக் கருவியெல்லாம் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பு. கண், காது, கை... இவைதான் மானிட்டர். இந்தப் பழக்கம்தான் பின்னாளில் லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு உதவப்போகிறது.

கட்டியவர் ஒருவர்... நாற்காலி வேறொருவருக்கு!

1938-ல் கொலம்பியாவின் பிரஸ்பிட்டேரியன் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார், புதிதாகத் தொடங்கிய மயக்கவியல் பிரிவின் தலைவராக. அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பிரிவுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர்தான். வயது 29.

பதவி பெரிது. வசதி பூஜ்யம். ஆள் பற்றாக்குறை, சம்பளமோ குறைவு. இந்தத் துறைக்கு வர டாக்டர்கள் யாரும் தயாரில்லை. சில சர்ஜன்கள் மயக்க மருந்து டாக்டரைத் தங்களுக்குச் சமமாகவே மதிக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் வந்தபோது இருந்த கொஞ்ச டாக்டர்களும் ராணுவத்துக்குப் போய்விட, வேலை மொத்தமும் தலையில் விழுந்தது. வகுப்பு எடுப்பது, ஆபரேஷன் தியேட்டரில் நிற்பது, நிர்வாகத்திடம் ஆள் கேட்டு மல்லுக்கட்டுவது என்று பதினோரு ஆண்டுகள் ஓடின. போர் முடிந்து திரும்பிய இளம் டாக்டர்கள் இந்தத் துறையைத் தேடி வர ஆரம்பித்தார்கள். அவர் நட்ட செடி காய்க்கத் தொடங்கியது.

1949-ல் அந்தப் பிரிவு தனித் துறையாக உயர்த்தப்பட்டது. தலைவர் யார்? வர்ஜீனியாதான் என்று அவரே எதிர்பார்த்திருந்தார். நாற்காலி கிடைத்தது இமானுவேல் பேப்பர் என்ற ஆண் டாக்டருக்கு.

ஆபீஸில் நாம் உருவாக்கிய டீமுக்கு வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து லீடராக உட்காரவைத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான். அதே ஆண்டு அவருக்கு முழுப் பேராசிரியர் பதவி கொடுத்தார்கள். கொலம்பியா மருத்துவக் கல்லூரியில் அந்த நிலையை எட்டிய முதல் பெண் அவர்தான். கௌரவம் பெரிதுதான். ஆனால், அவர் கட்டிய துறை அவர் கையில் இல்லை.

இங்கேதான் கதை திரும்புகிறது. நிர்வாகத் தலைவலி போனது. நேரம் கிடைத்தது. அதை எங்கே செலவழிப்பது என்று யோசித்தவர், அதே வளாகத்திலிருந்த ஸ்லோன் பெண்கள் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டுக்குள் நுழைந்தார். மயக்க மருந்து டாக்டர்கள் யாரும் பெரிதாக எட்டிப்பார்க்காத இடம் அது.

குழந்தையை யார் பார்ப்பது?

உள்ளே போனவர் கவனித்த முதல் விஷயம், பிரசவ அறையில் எல்லோருடைய கண்ணும் அம்மாவின் மீதுதான் இருந்தது. அது தப்பும் இல்லை. ரத்தப்போக்கு, தையல் என்று ஆயிரம் வேலை. ஆனால், குழந்தை? தொப்புள்கொடியை வெட்டி, துணியில் சுற்றி ஓரமாக வைத்துவிடுவார்கள். அழுதால் சரி. அழாவிட்டால் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டுவார்கள். நீலம்பாரித்து, துவண்டு கிடக்கிற குழந்தை சில நேரம் இறந்து பிறந்ததாகவே கணக்கில் சேர்ந்துவிடும்.

அமெரிக்காவில் அந்தக் காலகட்டத்தில் குழந்தை இறப்பு பொதுவாகக் குறைந்துகொண்டுதான் வந்தது. ஆனால், பிறந்த முதல் 24 மணி நேரத்தில் இறக்கிற குழந்தைகளின் எண்ணிக்கை மட்டும் அசையவே இல்லை. ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொரு விதமாகக் குழந்தையைப் பார்த்தார்கள். இந்தக் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டால் சுமார், பரவாயில்லை, நல்லா இருக்கு என்றுதான் பதில் வரும். ஒருவரின் பரவாயில்லை இன்னொருவருக்கு ஆபத்தாக இருக்கலாம். எதையும் ஒப்பிடவே முடியாது.

ஒரு நாள் காலை, ஆஸ்பத்திரி கேன்டீனில் டிபன் நேரம். ஒரு மருத்துவ மாணவர் சாதாரணமாகக் கேட்டார், பிறந்த குழந்தையை எப்படி மதிப்பிடுவது என்று. அதிலென்ன கஷ்டம் என்கிற மாதிரி, பக்கத்தில் கிடந்த ஒரு காகிதத்தை எடுத்து ஐந்து விஷயங்களை எழுதினார் வர்ஜீனியா. சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்து வைக்கவும் என்று கேன்டீனில் வைத்திருந்த அறிவிப்பு அட்டை அது என்று சொல்வார்கள். எழுதி முடித்ததும் அவர் உட்காரவில்லை. அப்படியே பிரசவ வார்டுக்கு ஓடினார், எழுதியது வேலைக்கு ஆகுமா என்று பார்க்க.

அந்த ஐந்து கேள்விகள் இவைதான். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மார்க்.

இதயத் துடிப்பு: துடிப்பே இல்லையென்றால் 0. நிமிடத்துக்கு 100-க்குக் கீழே இருந்தால் 1. 100-க்கு மேல் 2.

மூச்சு: இல்லையென்றால் 0. மெதுவாக, விட்டு விட்டு வந்தால் 1. நன்றாக வீறிட்டு அழுதால் 2.

தசையின் வலு: துவண்டு கிடந்தால் 0. கை கால் கொஞ்சம் மடங்கியிருந்தால் 1. நன்றாக உதைத்தால் 2.

தூண்டினால் என்ன செய்கிறது: அசைவே இல்லையென்றால் 0. முகம் சுளித்தால் 1. அழுதால், தும்மினால், இருமினால் 2.

நிறம்: உடம்பு முழுக்க நீலம் அல்லது வெளிறியிருந்தால் 0. உடம்பு சரியாகி, கை கால் மட்டும் நீலமாக இருந்தால் 1. முழுக்க நல்ல நிறமென்றால் 2.

மொத்தம் 10. பிறந்து ஒரு நிமிடத்தில் பார்க்க வேண்டும். மெஷின் வேண்டாம், செலவு இல்லை. ஒரு ஸ்டெதஸ்கோப்பும் கடிகாரமும் போதும். கிராமத்து ஆஸ்பத்திரியிலும் செய்யலாம், நியூயார்க்கிலும் செய்யலாம். கவனித்துப் பாருங்கள்... ஆபரேஷன் டேபிளில் மயங்கிக் கிடக்கிற நோயாளியிடம் மயக்க மருந்து டாக்டர் நிமிடத்துக்கு நிமிடம் பார்க்கிற அதே அறிகுறிகள்தான் இவை. அதைக் குழந்தையிடம் கொண்டுபோய்ப் பொருத்தியதுதான் வர்ஜீனியாவின் சாமர்த்தியம்.

ஒரு சின்ன கண்டிஷனும் போட்டார். பிரசவம் பார்த்த டாக்டரே மார்க் போடக் கூடாது. வேறொருவர்தான் போட வேண்டும். தான் எடுத்த குழந்தைக்கு யாருக்குத்தான் குறைவாக மார்க் போட மனசு வரும்? மனித மனசு அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

தனக்குப் பிடித்ததையே தூக்கிப் போட்டவர்

1952-ல் மயக்க மருந்து நிபுணர்களின் மாநாடு ஒன்றில் இந்த முறையை முன்வைத்தார். 1953-ல் ஆய்வுக்கட்டுரையாக வெளிவந்தது. இவ்வளவு எளிதாக இருந்தால் இது விஞ்ஞானமா என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். வாயால் பதில் சொல்வதைவிட எண்களால் பதில் சொல்வது மேல் என்று நினைத்தார் வர்ஜீனியா.

ஸ்டான்லி ஜேம்ஸ் என்ற குழந்தைகள் நல மருத்துவரும், டங்கன் ஹாலடே என்ற மயக்கவியல் நிபுணரும் அவருடன் கைகோத்தார்கள். பிறந்த குழந்தைகளின் ரத்தத்தை எடுத்து, அதில் ஆக்ஸிஜன் எவ்வளவு, அமிலத்தன்மை எவ்வளவு என்று அளந்தார்கள். குறைந்த மார்க் வாங்கிய குழந்தைகளின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைவு, அமிலம் அதிகம். கண்ணால் பார்த்துப் போட்ட மார்க்கும் ஆய்வகம் சொன்ன கணக்கும் பொருந்திப் போயின. பிறந்த குழந்தைக்கு ஆக்ஸிஜன் குறைவாக இருப்பது சகஜம்தான் என்று அதுவரை இருந்த அசட்டையும் உடைந்தது. அது சகஜமில்லை. சரிசெய்ய வேண்டிய அவசரம். பிறகு அமெரிக்காவின் 12 மருத்துவ மையங்கள் சேர்ந்து 17,000-க்கும் அதிகமான குழந்தைகளைக் கவனித்தபோது, மார்க் குறைந்த குழந்தைகளுக்குத்தான் உயிர் ஆபத்து அதிகம் என்பது உறுதியானது.

இந்த ஆராய்ச்சியில் வர்ஜீனியாவுக்கே ஓர் அடி விழுந்தது. சைக்ளோப்ரோபேன் என்ற வாயு அவருக்கு மிகவும் பிடித்த மயக்க மருந்து. பிரசவத்தில் பல காலமாகப் பயன்பட்டு வந்தது. ஆனால், அந்த வாயுவைச் சுவாசித்த அம்மாக்களின் குழந்தைகள் துவண்டுபோய்ப் பிறக்கின்றன, அவர்களின் மார்க் குறைகிறது என்று கணக்கு காட்டியது. பல வருடம் நம்பிப் பயன்படுத்திய மருந்து. ஏதாவது சாக்கு சொல்லித் தப்பித்திருக்கலாம். அவரோ, எனக்குப் பிடித்த வாயு போச்சே என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, பிரசவத்தில் அதைக் கைவிட்டார். வர்ஜீனியா யார் என்று ஒரே சம்பவத்தில் சொல்ல வேண்டுமென்றால், நான் இதைத்தான் சொல்வேன்.

1960-களின் தொடக்கத்தில் ஜோசப் பட்டர்ஃபீல்டு என்ற டாக்டர், மாணவர்கள் மனப்பாடம் செய்ய வசதியாக ஒரு தந்திரம் செய்தார். அப்பியரன்ஸ், பல்ஸ், க்ரிமேஸ், ஆக்டிவிட்டி, ரெஸ்பிரேஷன் என்று வரிசைப்படுத்தினால், ஐந்து வார்த்தைகளின் முதல் ஆங்கில எழுத்துகளும் சேர்ந்து அப்கார் ஆகிவிடும்! இதனாலேயே அப்கார் என்பது ஒரு சுருக்கப் பெயர், அப்படி ஒரு மனுஷியே கிடையாது என்று நினைத்துக்கொண்ட மாணவர்களும் உண்டு. வர்ஜீனியா இதை ரசித்துச் சிரித்தார்.

இன்று அந்த மார்க் என்ன சொல்கிறது?

இப்போது பிறந்த 1-வது நிமிடத்திலும் 5-வது நிமிடத்திலும் பார்க்கிறார்கள். 7-லிருந்து 10 வரை என்றால் நிம்மதி. 5 நிமிடத்தில் 7-க்குக் கீழே இருந்தால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 20 நிமிடம் வரை பார்ப்பார்கள்.

இங்கே மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒன்று, மூச்சு விடாத குழந்தைக்கு உதவ, ஒரு நிமிடம் ஆகட்டும் மார்க் போட்டுவிட்டு வருகிறேன் என்று யாரும் காத்திருப்பதில்லை. பிறந்த உடனே துடைத்து, கதகதப்பாக வைத்து, முதுகைத் தடவியோ உள்ளங்காலைச் சுண்டியோ தூண்டுவார்கள். தேவைப்பட்டால் வாய், மூக்கைச் சுத்தம் செய்வார்கள். அப்போதும் மூச்சு வரவில்லையா? முகத்தில் சின்ன மாஸ்க்கைப் பொருத்தி, பையை அழுத்திக் காற்றை உள்ளே செலுத்த ஆரம்பிப்பார்கள். இது அத்தனையும் முதல் 60 நொடிக்குள். அதற்குப் பெயரே கோல்டன் மினிட். உள்ளே காற்று போகிறதா என்பதற்கு நல்ல அடையாளம், இதயத் துடிப்பு ஏறுவது. தலைகீழாகத் தொங்கவிட்டுத் தட்டுகிற பழைய வழக்கம் இன்றைய மருத்துவத்தில் கிடையாது.

இரண்டு, நிறம். அமெரிக்காவில் ரோஜா நிறக் குழந்தைகளை அதிகம் பார்த்த காலத்தில் எழுதிய அளவுகோல் இது. நம்மூர் மாநிறக் குழந்தையின் தோலை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. அதனால் உதடு, நாக்கு, வாயின் உட்புறத்தைப் பார்ப்பார்கள். அங்கே நீலம் இருந்தால்தான் கவலை. முதல் சில நிமிடங்களுக்குக் கையும் காலும் மட்டும் நீலமாக இருப்பது சாதாரணம். அதனாலேயே முதல் நிமிடத்தில் 10-க்கு 10 வாங்குகிற குழந்தைகள் குறைவு. உங்கள் ஃபைலில் 8 என்று இருந்தால் வருத்தப்பட வேண்டாம்!

மூன்று, இது அறிவுக்கான மார்க் இல்லை. பின்னாளில் குழந்தை எப்படிப் படிக்கும், எப்படி வளரும் என்று இந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அந்த நிமிடத்தில் குழந்தை எப்படி இருக்கிறது, கொடுத்த உதவிக்கு எப்படித் தேறுகிறது என்பதைத்தான் அது சொல்லும்.

பர்ஸில் பேனாக்கத்தி... பூத்தில் மரத் திருட்டு!

ஆஸ்பத்திரிக்கு வெளியே வர்ஜீனியா இன்னும் சுவாரஸ்யமான ஆள். படபடவென்று பேசுவார், வேகமாக கார் ஓட்டுவார். எங்கே போனாலும் ஒரு பேனாக்கத்தியும், மூச்சுக்குழாயில் செருகுகிற டியூபும் கூடவே இருக்கும். நடுரோட்டில் யாருக்காவது மூச்சு அடைத்துவிட்டால்? தன் கண் முன்னால் யாரும் மூச்சு நின்று சாகக் கூடாது என்பதில் அவ்வளவு பிடிவாதம்.

வயலின் மீதான காதல், வாத்தியம் செய்கிற ஆசையாக வளர்ந்தது. கார்லீன் ஹட்சின்ஸ் என்ற வாத்தியக் கலைஞர் ஆஸ்பத்திரிக்கு நோயாளியாக வந்தபோது நட்பு உண்டானது. அவரிடம் கற்றுக்கொண்டு, தன் கையாலேயே வயலின், வியோலா, செல்லோ எல்லாம் செய்தார்.

ஒருமுறை ஆஸ்பத்திரி லாபியில் இருந்த டெலிபோன் பூத்தின் மரப்பலகை ஹட்சின்ஸின் கண்ணில் பட்டது. வியோலா செய்ய அருமையான மேப்பிள் மரம். கேட்டால் நிர்வாகம் தராது. விடுவார்களா? ஓர் இரவு, அதே போலச் சாயம் பூசிய வேறொரு பலகையோடு இருவரும் வந்தார்கள். பழசைக் கழற்றியாயிற்று. புதுசு கொஞ்சம் நீளம்! ஹட்சின்ஸ் பெண்கள் கழிப்பறைக்குள் போய் ரம்பத்தால் அறுக்க, பேராசிரியர் டாக்டர் அப்கார் வாசலில் காவல் நின்றார். அந்தப் பலகை வியோலாவின் முதுகாக மாறி இசைத்தது.

ஐம்பது வயதைத் தாண்டி விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். தபால்தலை சேர்த்தார், மீன் பிடித்தார், தோட்டம் போட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், சமைக்கத் தெரிந்த ஆண் யாரும் கிடைக்கவில்லை என்று சிரித்துக்கொண்டே சமாளிப்பார்.

50 வயதில் மறுபடி மாணவி

1959. வயது 50. பெயர், புகழ், பேராசிரியர் பதவி எல்லாம் இருந்தது. அவர் என்ன செய்தார்? ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவியாகப் பொது சுகாதாரம் படித்தார். புள்ளிவிவரம் இன்னும் நன்றாகத் தெரிய வேண்டும் என்பது அவருடைய ஆசை.

அந்த நேரத்தில்தான் மார்ச் ஆஃப் டைம்ஸ் அமைப்பு அழைத்தது. போலியோவை எதிர்க்க ஆரம்பிக்கப்பட்டு, தடுப்பூசி வந்தபின் பிறவிக் குறைபாடுகள் பக்கம் திரும்பியிருந்த அமைப்பு அது. அங்கே பிறவிக் குறைபாடுகள் பிரிவின் தலைவரானார். அந்தக் காலத்தில் குழந்தைக்கு ஏதாவது குறை என்றால் வீடுகள் வாயைத் திறக்காது. வெட்கப்படும், மறைக்கும். வர்ஜீனியா ஊர் ஊராகப் போய், டி.வி-யிலும் மேடையிலும் எளிய மொழியில் பேசினார். இது யாருடைய பாவமும் இல்லை, காரணம் கண்டுபிடிக்க வேண்டிய மருத்துவப் பிரச்னை என்று புரியவைத்தார்.

1964-65-ல் அமெரிக்காவில் ரூபெல்லா அம்மை பரவியது. கர்ப்பிணிகளைத் தாக்கியதால் சுமார் 20,000 குழந்தைகள் பாதிப்புடன் பிறந்தன. அம்மாவிடமிருந்து குழந்தைக்கு இந்தக் கிருமி போகாமல் தடுக்கத் தடுப்பூசி தேவை என்று ஓயாமல் வலியுறுத்தியவர்களில் அவரும் ஒருவர். 1972-ல் பெற்றோருக்காக ஜோன் பெக் என்ற பத்திரிகையாளருடன் சேர்ந்து ஒரு புத்தகமும் எழுதினார்.

ரிட்டயர்மென்ட் என்ற வார்த்தையே அவர் அகராதியில் இல்லை. கல்லீரல் நோய் உடம்பைத் தின்றுகொண்டிருந்த கடைசி ஆண்டுகளிலும் வேலை பார்த்துக்கொண்டே இருந்தார். 1974 ஆகஸ்ட் 7 அன்று, தான் படித்து, பயிற்சி பெற்று, உழைத்த அதே கொலம்பியா-பிரஸ்பிட்டேரியன் ஆஸ்பத்திரியில் இறந்தார். வயது 65.

தபால்தலை சேர்த்தவரின் முகத்தையே 1994-ல் 20 சென்ட் தபால்தலையாக வெளியிட்டது அமெரிக்க அஞ்சல் துறை. அந்த விழாவில், அவர் கையால் செய்த வாத்தியங்களையே டாக்டர்கள் எடுத்து வாசித்தார்கள். டெலிபோன் பூத் வியோலா உட்பட!

சர்ஜரி கிடைக்கவில்லை. துறைத் தலைவர் நாற்காலி கிடைக்கவில்லை. இரண்டில் எது கிடைத்திருந்தாலும் அவர் அந்தப் பிரசவ அறைக்குள் போயிருப்பாரா என்பது சந்தேகம்தான். அதற்காக அந்தக் கதவுகளை மூடியது சரியென்று ஆகிவிடாது. மூடிய கதவுக்கு முன்னால் அவர் நின்றுகொண்டிருக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்றைக்கு உலகத்தின் ஏதோ ஒரு மூலையில், இந்த நொடியில் ஒரு குழந்தை பிறந்துகொண்டிருக்கும். அம்மாவைக் கவனிக்க ஆள் இருக்கும். கூடவே, கடிகாரத்தைப் பார்த்தபடி குழந்தையின் பக்கமும் ஒருவர் குனிந்து நிற்பார். மூச்சு எப்படி, துடிப்பு எப்படி, நிறம் எப்படி... குழந்தைக்கென ஒருவர் அங்கே நிற்கிறாரே, அதுதான் வர்ஜீனியா அப்கார் விட்டுப்போன சொத்து.

இன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் கேளுங்கள், நான் பிறந்ததும் அழுதேனா என்று. அந்த ஒரு கேள்விக்கு எத்தனை கதை வருகிறது பாருங்கள்!